கணினி எழ மறுத்தால்: தொடக்கப் பட்டியலில் ஒரு மீட்பு வாசல்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனம், தன் வாடிக்கையாளர்களின் விண்டோஸ் கணினிகளுக்குச் சிறிய கோப்பு ஒன்றை இணையம் வழி அனுப்பியது. அதில் பிழை இருந்தது. அதைப் பெற்ற கணினிகள் நீலத் திரையைக் காட்டி நின்றன, தாமாகவே மறுபடி தொடங்கின, மறுபடியும் நின்றன. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் ஏர் ஆசியா ஊழியர்கள் பயணிகளைக் கையால் பதிவு செய்தார்கள். ஜோகூர் பாலத்துக்கு அப்பால் சாங்கியிலும் சில விமான நிறுவனங்களுக்கு அதே கதி. உலகம் முழுவதும் ஏறத்தாழ 85 லட்சம் கணினிகள் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் பின்னர் மதிப்பிட்டது.

இதில் மாணவர்களாகிய நீங்கள் கவனிக்க வேண்டியது பிழையை அல்ல. அதன் பிறகு நடந்ததை. அந்த நிறுவனம் 1.27 மணிக்கே சரியான கோப்பை வெளியிட்டுவிட்டது. 78 நிமிடந்தான்! ஆனாலும் பல இடங்களில் கணினிகளை மீட்க நாள் கணக்கில் ஆனது. ஏன்? சரியான கோப்பு இணையத்தில் காத்திருந்தது. அதை இறக்கிக்கொள்ளக் கணினி முதலில் எழ வேண்டும். எழ முயலும்போதே பிழையான கோப்பு அதைக் கீழே தள்ளியது. கடைசியில், கணினியை வேறொரு வழியாக எழுப்பி, கெட்ட கோப்பை அழித்தார்கள். அழிக்க வேண்டியது ஒரே ஒரு கோப்பு. அதற்கு ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் போய் நிற்க வேண்டியிருந்தது.

அந்த ‘வேறொரு வழி’தான் இந்த வாரப் பாடம். விண்டோஸில் அது ஏற்கெனவே உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது. பல லினக்ஸ் கணினிகளில் அது முழுமையாக இருக்காது. நாம்தான் வைக்க வேண்டும். 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதால், பழைய மடிக்கணினிகளில் உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளை நிறுவியவர்கள் பலர். உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தால், இந்தப் பாடம் அதற்கே எழுதப்பட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கணினி எப்படி எழுகிறது என்று பார்ப்போம். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் பதிந்துள்ள சிறு நிரல் விழிக்கிறது. அதை யூ.இ.எஃப்.ஐ. என்பார்கள். அது வன்தட்டில் ‘கிரப்’ என்ற தொடக்க நிரலைத் தேடி எடுக்கிறது. கிரப், லினக்ஸின் கருவான கெர்னலையும் அதனுடன் ஒரு சிறு உதவிப் பொட்டலத்தையும் ரேம் நினைவகத்தில் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அந்தப் பொட்டலத்தின் பெயர் இனிட்ராம்எஃப்எஸ். வன்தட்டின் முதன்மைப் பிரிவைக் கண்டுபிடித்துத் திறக்கத் தேவையான கருவிகள் அதற்குள் இருக்கும். பிரிவு திறந்ததும் மற்ற மென்பொருள்கள் வரிசையாக எழுகின்றன. கடைசியில் கடவுச்சொல் கேட்கும் திரை.

ஓர் இடைச்செய்தி. 1995இல் எரிக் போலின் என்பவர் எழுதத் தொடங்கிய நிரல் கிரப். எல்லா வகை இயங்குதளங்களையும் ஒரே நிரல் தொடங்கி வைக்க வேண்டும் என்பது நோக்கம். ஆகவே, இயற்பியலாளர்கள் தேடிக்கொண்டிருக்கும் ‘மகா ஒருங்கிணைந்த கோட்பாட்டை’ வேடிக்கையாக நினைவுபடுத்தும் வகையில் அதற்குப் பெயர் வைத்தார்கள். இயற்பியலாளர்கள் இன்னும் தேடுகிறார்கள். கிரப் வேலை செய்கிறது.

மேலே சொன்ன சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கணினி எழாது. நம் ஜோகூரில் பிற்பகல் இடிமழை புதிதல்ல. லினக்ஸ் புதிய கெர்னலை நிறுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போய், மடிக்கணினியின் பழைய மின்கலமும் கைவிட்டால், இனிட்ராம்எஃப்எஸ் பாதியில் நின்றுவிடலாம். அல்லது நீங்களே ஏதோ ஓர் அமைப்புக் கோப்பில் ஓர் எழுத்தை மாற்றி எழுதியிருக்கலாம். நாளை ஆசிரியரிடம் கொடுக்க வேண்டிய இடுபணி உள்ளே பத்திரமாக இருக்கும். அதற்குப் போகும் படிதான் உடைந்திருக்கும்.

அப்படியானால் லினக்ஸுக்குள் நுழைந்து சரிசெய்யலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டிய கதையை நீங்கள் அறிவீர்கள். இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் தன் முதன்மைப் பிரிவின் மீது உட்கார்ந்திருக்கிறது. கோப்பு அமைப்பைச் சோதித்துப் பழுது பார்க்கும் ‘எஃப்எஸ்சிகே’ என்ற கருவியை, பயன்பாட்டில் இருக்கும் பிரிவின்மீது ஓட்டினால், பழுது பார்ப்பதற்குப் பதிலாகப் பாழாக்கிவிடும். ஒரு பக்கம் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்க, மறுபக்கம் கருவியும் எழுதும். எனவே, முதன்மைப் பிரிவைத் தொடாமல், முழுவதும் ரேம் நினைவகத்தில் நிற்கும் இன்னொரு சிறிய இயங்குதளம் வேண்டும். இதையே மீட்பு அமைப்பு என்கிறோம்.

கிரப் பட்டியலில் ‘ரெக்கவரி மோட்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அதுவும் அதே கெர்னலையும் அதே முதன்மைப் பிரிவையும் நம்பியே எழுகிறது. சிறு கோளாறுகளுக்கு உதவும். பிரிவே கெட்டுப்போனால் அதுவும் சேர்ந்து விழும்.

நிறுவாமலேயே ஓடும் லினக்ஸ் என்ற எண்ணம் பழையது. ஜெர்மனியின் கிளாவுஸ் நாப்பர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘நாப்பிக்ஸ்’, குறுவட்டிலிருந்து நேரே ஓடிப் பலரை வியக்க வைத்தது. இன்று மீட்பு வேலைக்கென்றே செய்யப்பட்டவற்றில் ‘சிஸ்டம்ரெஸ்க்யூ’ பெயர் பெற்றது. அது ஏறத்தாழ ஒரு கிகாபைட் அளவுள்ள ஒரே ஐ.எஸ்.ஓ. கோப்பாகக் கிடைக்கிறது. பிரிவுகளை மாற்றியமைக்கும் ஜிபார்ட்டட், அழிந்த பிரிவுகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க், சாகும் நிலையில் உள்ள வட்டிலிருந்து தரவை நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ எல்லாம் அதற்குள் உண்டு. வழக்கமாக இக்கோப்பைப் பென்டிரைவ் என்னும் விரலியில் பதிவார்கள். விரலி நல்லதுதான். ஆனால் தேவைப்படும் அன்று அது எந்தப் புத்தகப்பையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது! கணினிக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்து, கிரப் பட்டியலில் ஒரு வரியாகக் காட்டிவிட்டால் தேட வேண்டியதில்லை.

இடம்தான் முதல் கேள்வி. முதன்மைப் பிரிவுக்குள்ளேயே ஐ.எஸ்.ஓ. கோப்பை வைக்கலாம், ஆனால் அந்தப் பிரிவு கெட்டால் மீட்பரும் மூழ்கிவிடுவார். ஆகவே 4 கிகாபைட் அளவில் தனிப் பிரிவு ஒன்றை ஒதுக்குவதே என் பரிந்துரை. லினக்ஸை முதன்முதலில் நிறுவும்போதே ஒதுக்கினால் எளிது. ஏற்கெனவே நிறுவியிருந்தால், ஜிபார்ட்டட் கொண்டு முதன்மைப் பிரிவைச் சுருக்க வேண்டும். அதையும் உள்ளிருந்து செய்ய முடியாது; நிறுவுவதற்குப் பயன்படுத்திய விரலியிலிருந்து கணினியைத் தொடங்கித்தான் செய்யலாம். அதற்கு முன் முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துவிடுங்கள். இந்த ஒரு படியில் மட்டும் அவசரம் கூடாது.

புதிய பிரிவை ஈஎக்ஸ்டி4 வடிவில் அமைத்து, ‘ரெஸ்க்யூ’ என்று ஆங்கில எழுத்தில் பெயரிடுங்கள். ‘மீட்பு’ என்று தமிழிலேயே வைக்க ஆசை வரும். முடியாது, காரணம் சுவையானது. ஈஎக்ஸ்டி4 பிரிவின் பெயருக்கு 16 பைட் இடந்தான் உண்டு. யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கிறது. நம் கண்ணுக்கு ‘மீட்பு’ மூன்று எழுத்து. கணினிக்கோ ம, ஈகாரக் குறி, ட, புள்ளி, ப, உகரக் குறி என்று ஆறு குறியீடு. ஆறு மூன்று பதினெட்டு. இரண்டு பைட் கூடிவிட்டது.

அடுத்து, சிஸ்டம்ரெஸ்க்யூவின் அதிகாரத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. கோப்பைப் பதிவிறக்கி அந்தப் பிரிவில் வையுங்கள். கோப்பு சிதையாமல் வந்ததா என்று பார்க்க ‘எஸ்ஹெச்ஏ256சம்’ என்ற ஆணை இருக்கிறது. அது தரும் 64 எழுத்துகளும் தளத்தில் போட்டிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஒரே ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி பதிவிறக்குங்கள்.

இப்போது கிரப்புக்குச் சொல்ல வேண்டும். கிரப் படிக்கும் இறுதிப் பட்டியல் ‘கிரப்.சிஎஃப்ஜி’ என்ற கோப்பில் இருக்கிறது. அதில் நேரடியாக எழுதாதீர்கள். அடுத்த புதுப்பிப்பில் அது அழித்து எழுதப்படும். ‘ஈடிசி’ கோப்புறைக்குள் ‘கிரப்.டி’ என்ற கோப்புறை உண்டு. அதில் ‘40_கஸ்டம்’ என்ற கோப்பு நம்மைப் போன்றவர்களுக்காகவே காலியாக விடப்பட்டிருக்கிறது. அதன் தலைப்பில் உள்ள சில வரிகளை அப்படியே விட்டுவிட்டு, அவற்றுக்குக் கீழே நம் பதிவை எழுத வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டிய மாதிரிப் பதிவு சிஸ்டம்ரெஸ்க்யூவின் கையேட்டில் இருக்கிறது. அதை நகலெடுத்து, பிரிவின் பெயரையும் கோப்பின் பெயரையும் உங்களுக்கு ஏற்ப மாற்றினால் போதும். ஆனால் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று தெரியாமல் நகலெடுப்பவர், பிழை வரும்போது திகைத்து நிற்பார். எனவே விளக்குகிறேன்.

‘மெனுஎன்ட்ரி’ என்று தொடங்கும் வரி, பட்டியலில் தோன்றும் பெயரைத் தருகிறது. ‘சர்ச்’ என்ற வரி, ‘ரெஸ்க்யூ’ எனப் பெயருள்ள பிரிவைத் தேடிப் பிடிக்கிறது. ‘லூப்பேக்’ என்ற வரிதான் மந்திரம்: ஒரு கோப்பையே ஒரு குறுவட்டைப் போல் பாவிக்கச் சொல்கிறது. ‘லினக்ஸ்’ என்ற வரி, அந்தப் பாவனைக் குறுவட்டுக்குள் இருக்கும் கெர்னலை ரேமில் ஏற்றுகிறது. ‘இனிட்ஆர்டி’ என்ற வரி, உதவிப் பொட்டலத்தை ஏற்றுகிறது.

‘லினக்ஸ்’ வரியின் பின்னால் சில குறிப்புகள் தொங்கும். அவற்றில் ‘இமேஜ் லேபிள்’ எனப் பொருள்படும் குறிப்பில் பிரிவின் பெயரும், ‘இமேஜ் லூப்’ எனப் பொருள்படும் குறிப்பில் ஐ.எஸ்.ஓ. கோப்பின் முழுப் பாதையும் மறுபடி வரும். ஏற்கெனவே மேலே சொல்லியாயிற்றே, எதற்கு இன்னொரு முறை? கெர்னலை ஏற்றியதும் கிரப் விலகிவிடும். அது செய்த குறுவட்டுப் பாவனையும் அதோடு கலைந்துவிடும். கெர்னல் விழிக்கும்போது தன் மற்ற கோப்புகள் எங்கே என்று அதற்குத் தெரியாது. வழிகாட்டி வாசல்வரை கூட்டிவந்துவிட்டுப் போய்விட்டார்; வீட்டு முகவரியைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுத்தால்தானே உள்ளே போகலாம்? அந்தச் சீட்டுதான் இந்தக் குறிப்புகள். முதலிடத்தில் கோப்பின் பெயரைச் சரியாக எழுதி, இரண்டாமிடத்தில் பழைய பதிப்பு எண்ணை விட்டுவிட்டால், கெர்னல் எழும், பிறகு எதையும் காணாமல் பாதியில் நின்றுவிடும். இந்தக் கோளாறின் முகம் அதுதான்.

‘காப்பிடுரேம்’ என்ற குறிப்பையும் விட்டுவிடாதீர்கள். அது ஐ.எஸ்.ஓ. கோப்பில் உள்ளதை எல்லாம் ரேமுக்கு நகலெடுத்துவிட்டு, வன்தட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறது. அதன் பிறகே நுனிக்கொம்பிலிருந்து நாம் உண்மையில் இறங்கிவிட்டோம் என்று பொருள். 4 கிகாபைட் ரேம் உள்ள பழைய மடிக்கணினிக்கும் இது தாங்கும்.

எழுதி முடித்ததும் உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றில் ‘அப்டேட்-கிரப்’ என்ற ஆணையை நிர்வாகி உரிமையோடு ஓட்டுங்கள். இன்னொன்று: லினக்ஸ் மட்டும் உள்ள கணினியில் உபுண்டு தன் கிரப் பட்டியலை மறைத்துவிடும். வாசல் வைத்துவிட்டுத் திரைபோட்டு மூடியதைப் போல. ‘ஈடிசி’ கோப்புறையின் ‘டிஃபால்ட்’ பகுதியில் உள்ள ‘கிரப்’ கோப்பில், பட்டியலின் பாணியை ‘ஹிடன்’ என்பதிலிருந்து ‘மெனு’ என்றும், காத்திருக்கும் நேரத்தை 5 விநாடி என்றும் மாற்றி, அதே ஆணையை மறுபடி ஓட்டுங்கள்.

இவ்வளவும் வேண்டாம், சுருக்கு வழி இருக்கிறதா என்றால், உண்டு. டெபியனிலும் உபுண்டுவிலும் ‘கிரம்எல்-ரெஸ்க்யூபூட்’ என்ற பொதியை நிறுவி, ஆஸ்திரியாவில் பிறந்த ‘கிரம்எல்’ மீட்பு அமைப்பின் ஐ.எஸ்.ஓ. கோப்பை ‘பூட்’ கோப்புறையின் உள்ளே ‘கிரம்எல்’ என்ற கோப்புறையில் போட்டு, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டினால் பட்டியலில் வரி தானாக வந்துவிடும். வசதிதான். ஆனால் வழக்கமான வீட்டுக் கணினியில் ‘பூட்’ கோப்புறை முதன்மைப் பிரிவுக்குள்ளேயே இருக்கும். தனிப் பிரிவின் பாதுகாப்பு இதில் கிடைக்காது.

ஒரு தடை உங்களை நிறுத்தக்கூடும். புதிய கணினிகளில் ‘செக்யூர் பூட்’ என்ற காவல் இருக்கும். நம்பகமான கையொப்பம் இல்லாத கெர்னலை அது உள்ளே விடாது. ‘கையொப்பம் சரியில்லை’ என்ற பொருளில் ஒரு வரி தோன்றி, தொடக்கம் நின்றுவிடும். சிஸ்டம்ரெஸ்க்யூவின் கெர்னலுக்கு அந்தக் கையொப்பம் இல்லை. உங்கள் சொந்தக் கணினியானால் யூ.இ.எஃப்.ஐ. அமைப்பில் இக்காவலை அணைக்கலாம். அதே கணினியில் விண்டோஸும் இருந்தால், முதலில் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காவல் மாறியதைக் கண்டு விண்டோஸ் அதைக் கேட்கலாம். 2024 ஜூலையில் பல அலுவலகங்களைத் திணறடித்ததில் இந்த எண்ணுக்கும் பங்கு உண்டு. பூட்டு இருந்தது, மீட்பு வாசல் இருந்தது, சாவி எங்கே என்றுதான் தேட வேண்டியிருந்தது.

வைத்தாயிற்று. இன்றே ஒருமுறை அந்த வரியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்ப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் கிரப் திரையிலேயே ‘இ’ விசையை அழுத்தித் தற்காலிகமாகத் திருத்திச் சோதிக்கலாம். சரியானது எது என்று தெரிந்த பின் ‘40_கஸ்டம்’ கோப்பில் அதை நிலையாக மாற்றுங்கள். உள்ளே போனதும் ‘எல்எஸ்பிஎல்கே’ என்று தட்டுங்கள். வன்தட்டின் பிரிவுகள் மரம்போல் விரியும். உங்கள் முதன்மைப் பிரிவு எது என்று அளவை வைத்து அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

உண்மையாகவே கணினி விழுந்த நாளில் வரிசை முக்கியம். முதலில் முதன்மைப் பிரிவைப் ‘படிக்க மட்டும்’ என்ற முறையில் திறந்து, இடுபணிகளையும் படங்களையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். பழுது பார்ப்பது அதற்குப் பின்தான். இந்த வரிசையை மாற்றச் சொல்பவர் யாராக இருந்தாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழுது பார்க்கும் கருவிகள் வட்டில் எழுதுபவை, எழுதியதைத் திரும்பப் பெற முடியாது. நகலெடுத்ததும் பிரிவை மூடிவிட்டு ‘எஃப்எஸ்சிகே’ ஓட்டலாம். கெர்னல் பொட்டலம் கெட்டிருந்தால் ‘சிரூட்’ என்ற ஆணை கைகொடுக்கும். ரூட் என்றால் வேர். மீட்பு அமைப்பில் நின்றபடியே, ‘இனி என் வேர் அந்தப் பழைய பிரிவு’ என்று மாற்றிக்கொள்வது அது. மீட்பு அமைப்பின் கெர்னல் ஓடும். ஆனால் உங்கள் ஆணைகள் உங்கள் சொந்த லினக்ஸுக்குள் நடக்கும். அங்கிருந்து இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கி, கிரப்பைப் புதுப்பித்து வெளியே வரலாம்.

இந்த ஏற்பாடு வீட்டு மடிக்கணினிக்கு மட்டும் உரியதல்ல. நம் மாநிலத்தில் கூலாய் வட்டாரத்தின் செடெனாக்கிலும் இஸ்கண்டார் புத்ரியிலும் பெரிய தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. அத்தகைய மையங்களின் சர்வர்களில் லினக்ஸ் பரவலாக ஓடுகிறது. வரிசை வரிசையான அலமாரிகளுக்கு நடுவே விரலியோடு ஓடிக்கொண்டிருக்க முடியாது. தொலைவிலிருந்தே மீட்பு அமைப்பைத் தொடங்கும் வழிகளை அங்கே முன்கூட்டியே அமைத்து வைப்பார்கள். கிரப்பிலும் அதற்கு ஏற்ற ஆணை ஒன்று உண்டு: ‘கிரப்-ரீபூட்’. அடுத்த ஒரு முறை மட்டும் மீட்பு வரியைத் தேர்ந்தெடு, அதற்கடுத்த முறை வழக்கம்போல் எழு என்று அது சொல்லிவைக்கும். பிற்காலத்தில் சர்வர் பராமரிக்கும் வேலைக்குப் போக நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

மீட்பு வாசல் திறந்தால் யாரும் நுழையலாம் என்பதையும் மறக்காதீர்கள். கணினியின் முன் உட்காரும் எவரும் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கடவுச்சொல் இல்லாமலேயே கோப்புகளைப் படிக்கலாம். விரலியாலும் இதையே செய்ய முடியும் என்பதால் வாசலைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தரங்கக் கோப்புகள் இருந்தால் லினக்ஸை நிறுவும்போதே வட்டைக் குறியாக்கம் செய்யுங்கள். மீட்கும் நாளில் அந்தக் கடவுச்சொல் உங்களுக்கு நினைவிருக்க வேண்டும். பள்ளிக் கணினிக்கூடத்தில் இதை முயல்வதானால் பொறுப்பாசிரியரின் அனுமதி கட்டாயம். பல பேர் பயன்படுத்தும் கணினியில் கிரப்புக்கே கடவுச்சொல் வைப்பதும் நல்லது.

வன்தட்டே இறந்துவிட்டால் அதற்குள் இருக்கும் மீட்பு அமைப்பும் போய்விடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியில் புகுந்தது போன்ற வெள்ளம் கணினியை மூழ்கடித்தால், எந்தத் தொடக்க வரியும் உதவாது. வேறோர் இடத்தில் நகல் இருக்க வேண்டும். கிரப் மட்டும் அழிந்து வட்டு நன்றாக இருந்தால், பட்டியலே தோன்றாது. அந்த ஒரு நிலைமைக்காக அதே ஐ.எஸ்.ஓ. கோப்பை ஒரு விரலியிலும் பதிந்து, நூலில் கட்டி, மடிக்கணினியின் மின்னேற்றி இருக்கும் இடத்திலேயே தொங்கவிடுங்கள்.